தொட்டிக்கு மேலே நிற்பவனுக்கு

கண்ணு,

சேஃப்டி ஆபீசராகச் சேர்ந்த கையோடு உன் முதலாளி மூன்று கொட்டேஷனை உன் மேஜையில் போட்டுவிட்டார். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குகிறவனுக்கு வரும் காற்று நின்றுபோனால், அவன் உயிரோடு ஏறி வர இரண்டாவதாக எந்தக் காற்றை வாங்கி வைப்பது என்று எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறாய். ஒன்று, முதுகில் சிலிண்டரோடு மாட்டும் மூச்சுக் கருவியான எஸ்சிபிஏ. இன்னொன்று, மேலிருந்து குழாயில் காற்று தரும் ஏர்லைனோடு இடுப்பில் கட்டும் சின்ன பாட்டில். மூன்றாவது, விலையில் மலிவானது, கடலில் முங்குகிறவர்கள் மாட்டும் ஸ்கூபா செட். எதில் டிக் அடிப்பது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நீ இந்த வேலையில் நிற்க முடியாது. திருப்பூரில் வீரபாண்டி, சின்னக்கரை, அருள்புரம் என்று சாயத் தண்ணீர்த் தொட்டிகளைச் சுற்றியே காலம் கழித்தவன் சொல்கிறேன், கேள்.

1. கொட்டேஷனைத் தொடும் முன், ஆள் இறங்காமல் இந்த வேலை முடியுமா என்று கேள். பாதி நேரம் முடியும். உறிஞ்சு லாரி இருக்கிறது, ஸ்லட்ஜ் பம்ப் இருக்கிறது, மேலிருந்தே பீய்ச்சிக் கரைக்கிற ஜெட் இருக்கிறது. சென்னை ஐஐடியில் மலக்குழிக்கென்றே ஹோமோசெப் என்று ஒரு ரோபோ செய்திருக்கிறார்கள். "லாரி வர நாளாகும், பையனை இறக்கினா அரை மணி நேரம்" என்று யாராவது சொல்வார்கள். அந்த அரை மணி நேரத்துக்குத்தான் மறுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். கழிப்பறைத் தொட்டியில் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. பாதாளச் சாக்கடையில் சாகிறவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தரச் சொல்லி 2014இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. இத்தனைக்கும் பிறகு, 2025 மே மாதம் நம் கரைப்புதூரில் ஒரு சாய ஆலையின் கழிவுத் தொட்டியில் இறங்கியவர்கள் மூச்சுத் திணறிச் செத்தார்கள். சட்டம் தெரியாமல் யாரும் சாகவில்லை. அந்த நேரத்தில் "வேண்டாம்" என்று சொல்ல ஆள் இல்லாமல் செத்தார்கள்.

2. உன் தண்ணீரை நீ தெரிந்துகொள். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற உப்புப் போடுகிறோம். நம் ஊரில் பெரும்பாலும் கிளாபர் உப்பு, அதாவது சோடியம் சல்பேட். கருப்பு, நேவி மாதிரி அடர்ந்த நிறம் என்றால் லிட்டருக்கு 80 கிராம் வரைக்கும் போகும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரை அந்த உப்பில் கொஞ்சமாவது நொய்யல் ஆற்றோடு போனது. இப்போது ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது. ஆற்றுக்கு அது நல்லது. ஆனால் அந்தச் சல்பேட் முழுக்க நம் தொட்டிகளுக்குள்தான் சுற்றுகிறது. அடியில் படிந்த ஸ்லட்ஜுக்குள் காற்று எட்டாது. அங்கே வாழும் பாக்டீரியா சல்பேட்டைத் தின்று ஹைட்ரஜன் சல்ஃபைடை விடும். காற்றைவிடக் கனமான வாயு, அடியிலேயே கிடக்கும்.

அழுகிய முட்டை நாற்றம் வருகிற வரைக்கும் நீ பயப்படு. நாற்றம் நின்றால் இன்னும் அதிகமாகப் பயப்படு. 100 பிபிஎம் அளவை எட்டினால் மூக்கு மரத்துவிடும், வாயு போய்விட்டது என்று தோன்றும். 500ஐத் தாண்டினால் சில நிமிடங்களிலேயே ஆள் சரிவான். பழைய ஆட்கள் சிலர் இப்போதும் முகர்ந்து பார்த்துத்தான் "சரி, இறங்கு" என்பார்கள். நீ வாயு மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கு. மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்திலும் பார். ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்க வேண்டும், 19.5க்குக் கீழே போனால் மூடியை மூடு. இன்னொன்று, ஸ்லட்ஜைக் கலைக்காதவரை மீட்டர் சாதுவாகத்தான் இருக்கும். மம்பட்டி பட்டதும் உள்ளே அடைந்திருந்ததெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பும். ஒரு யூனிட்டில் இறங்கும்போது பூஜ்யம் காட்டிய மீட்டர், ஏணியின் கால் சேற்றில் புதைந்த நொடியில் கத்தியதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். மீட்டர் இறங்கியவனின் சட்டையில் இருந்ததால் அவன் ஏறி வந்தான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது ஆற்றுக்கு மட்டும் சொன்னதல்ல.

3. மாஸ்க்கை நம்பாதே. 2020இல் ஊரடங்கின்போது நம் ஊர் பனியன் கம்பெனிகளில் பலவும் மாஸ்க் தைத்தன. அதனாலோ என்னவோ, முகத்தில் ஏதாவது ஒன்றைக் கட்டினால் போதும் என்ற தைரியம் நம்மவர்களுக்கு வந்துவிட்டது. வடிகட்டி வைத்த ரப்பர் மாஸ்க்கும் இங்கே உதவாது. அது இருக்கிற காற்றைத்தான் வடிகட்டும், இல்லாத ஆக்சிஜனை எங்கிருந்து கொண்டுவரும்?

4. இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஸ்கூபா செட்டை வேண்டாம் என்று எழுதி அனுப்பு, காரணத்தோடு எழுது. ஸ்கூபாவின் காற்றுக்குழாயைப் பல்லால் கடித்துப் பிடிக்க வேண்டும். மயங்குகிறவனின் வாய் முதலில் திறந்துகொள்ளும், குழாய் விழுந்துவிடும். கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி தனி, அதற்குள் காற்றழுத்தம் கிடையாது. எஸ்சிபிஏயின் முழுமுக மாஸ்க்குக்குள் வெளியைவிட எப்போதும் கொஞ்சம் அழுத்தம் கூடவே இருக்கும். ஓரத்தில் சின்னக் கசிவு இருந்தாலும் நல்ல காற்று வெளியே போகுமே தவிர, கெட்டது உள்ளே வராது. கடலுக்குச் செய்தது கடலுக்கு. நமக்கு ஐ.எஸ். 10245 தரம் போட்ட கருவி வேண்டும், சிலிண்டருக்கு வெடிபொருள் பாதுகாப்புத் துறையான பெசோவின் அனுமதி வேண்டும்.

ஆனால் கடலில் முங்குகிறவர்களிடம் கற்க ஒரு விஷயம் உண்டு. புதுச்சேரியிலோ நீலாங்கரையிலோ ஸ்கூபா பழகுகிறவர்களைக் கேட்டுப் பார். அவர்கள் செட்டில் ஆக்டோபஸ் என்று இரண்டாவது வாய்க்குழாய் ஒன்று தொங்கும். கூட வருகிறவனுக்குக் காற்று தீர்ந்தால் அதைக் கொடுக்கலாம். ஆனால் அது அதே சிலிண்டரிலிருந்துதான் இழுக்கிறது, அந்தச் சிலிண்டர் தீர்ந்தால் இரண்டும் தீர்ந்தது. அதனால் அனுபவசாலிகள் பக்கத்தில் போனி என்று ஒரு குட்டிச் சிலிண்டரைத் தனியாகக் கட்டிக்கொள்வார்கள். அதற்குத் தனி ரெகுலேட்டர், தனி வாய்க்குழாய், தனி முள். முதல் காற்றோடு எதையும் பங்கு போடாததுதான் இரண்டாவது காற்று. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு உன் யூனிட்டைச் சுற்றி வா.

5. சுற்றி வந்தால் என்ன தெரியும்? ஏர்லைனுக்கு ஒரு கம்ப்ரஸர். "பேக்கப் இருக்குதுங்க" என்று பக்கத்தில் இன்னொன்றைக் காட்டுவார்கள். இரண்டும் ஒரே ஈபி லைனில் ஓடும், கரண்ட் போனால் இரண்டும் சேர்ந்து நிற்கும். "அதுக்குத்தான் ஜெனரேட்டர்" என்பார்கள். ஜெனரேட்டர் எடுக்கும் நேரத்தை வாட்சைப் பிடித்துப் பார். அதன் புகைக்குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கம்ப்ரஸர் எங்கிருந்து காற்றை உறிஞ்சுகிறது என்று பார். டீசல் புகையை நம் கையாலேயே உள்ளே இருப்பவனுக்கு ஊட்டும் யூனிட்டுகள் இருக்கின்றன. மெஷினுக்கு ஓடும் சாதாரணக் கம்ப்ரஸர் காற்றில் எண்ணெய் ஆவி இருக்கும், அதையும் மனிதனுக்குக் கொடுக்கக் கூடாது. ஆக, ஏர்லைனுக்கு இரண்டாவது காற்று இன்னொரு கம்ப்ரஸர் அல்ல. இறங்குகிறவன் இடுப்பிலேயே இருக்கும் பாட்டில்தான்.

முதுகில் மாட்டும் எஸ்சிபிஏ நல்லதுதான். ஆனால் உன் தொட்டியின் மேன்ஹோலை டேப் பிடித்து அள. பழைய தொட்டிகளில் வாய் குறுகல். முதுகுச் சிலிண்டரோடு ஆள் நுழைய முடியாது. அப்போது யாராவது ஒருவன் "கழட்டிக் கையில கொடுங்க, உள்ள போய் மாட்டிக்கறேன்" என்பான். அப்படி ஒருபோதும் விடாதே. வாய் அகலமானால் எஸ்சிபிஏ. குறுகலானால் ஏர்லைனும் இடுப்பு பாட்டிலும்.

பாட்டிலின் கணக்கை விற்பனை ஆள் சொல்ல விடாதே, நீயே போடு. 2 லிட்டர் பாட்டில், 200 பார் அழுத்தம் என்றால் உள்ளே 400 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் மூச்சு என்று வைத்துத்தான் "10 நிமிடம்" என்று அட்டையில் போடுகிறார்கள். பயந்தவன் 40 லிட்டரில் நிற்க மாட்டான், அதைப் போல இருமடங்கு இழுப்பான். உன் 10 நிமிடம் 5 ஆகும். கடலில் 30 மீட்டர் ஆழத்தில் காற்று நான்கு மடங்கு வேகத்தில் தீரும் என்பார்கள். நமக்கு ஆழம் இல்லை, பயம் இருக்கிறது. ஆகவே கழுவிக் காயவைத்த காலித் தொட்டியில், வெறும் காற்றில், ஆளை மாட்டி இறக்கிக் கடைசி மூலையிலிருந்து மேலே வரச் சொல். எத்தனை நிமிடம்? அதைப் போல இரண்டு மடங்குக்கு பாட்டில் இருக்கட்டும். 10 நிமிட பாட்டில் போதாது என்றால் 15 வாங்கு. லைன் காற்று குறைந்ததும் தானாகவே பாட்டிலுக்கு மாறும் வால்வு கிடைக்கிறது. அதையே கேள். மாறும்போது விசில் அடிக்கிறதா என்றும் கேள். சத்தமில்லாமல் மாறினால் அவன் பாட்டில் காற்றில் நிம்மதியாக வேலையைத் தொடர்வான்.

6. பாட்டில் கட்டியிருக்கும் தைரியத்தில் "இன்னும் ரெண்டு பக்கெட்" என்று சொல்ல விடாதே. அது வெளியே வருவதற்கான காற்று, வேலை செய்வதற்கானது அல்ல.

7. மேலே நிற்கிறவனைப் பற்றிச் சொல்ல வேண்டும், அது நீதான். நான் படித்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆவது பிரிவு, மூச்சுக் கருவியோடு இறங்குகிறவனுக்கு பெல்ட் வேண்டும், பெல்ட்டில் கயிறு வேண்டும், கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவன் பிடித்திருக்க வேண்டும் என்றது. அதை எழுதியவர் யாரென்று தெரியாது, ஆனால் தொட்டி ஓரத்தில் நின்றவராகத்தான் இருக்க வேண்டும். உள்ளே விழுந்தவனைப் பார்த்ததும் மேலே இருப்பவன் குதிப்பான். அண்ணன் விழுந்தால் தம்பி குதிப்பான், அப்பன் விழுந்தால் மகன். அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட அறிவிப்பில், இப்படிப்பட்ட இடங்களில் செத்தவர்களில் பாதிக்கும் மேலானவர்கள் காப்பாற்றப் போனவர்கள் என்று சொல்லியிருக்கிறது. பாசம்தான் அவர்களைக் கொன்றது என்றுகூடச் சொல்லலாம்.

எனவே இரண்டு ஏற்பாடு வேண்டும். இறங்குகிறவன் உடம்பில் முழு ஹார்னஸ், அது ட்ரைபாட்டிலும் வின்ச்சிலும் கோத்திருக்க வேண்டும். அப்போது யாரும் உள்ளே போகாமலே சுற்றித் தூக்கலாம். மேலே நிரம்பிய எஸ்சிபிஏ ஒன்று, பெட்டிக்குள் அல்ல, மாட்டிய நிலையில் ஓர் ஆளின் முதுகில் இருக்க வேண்டும். அந்த ஆள் அன்று வேறு வேலை பார்க்கக் கூடாது. டீ வாங்கக்கூடப் போகக் கூடாது. மூன்று கொட்டேஷனில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இரண்டை வாங்கச் சொல்கிறானே மாமன் என்று உன் முதலாளி முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

8. கார்த்திகை பிறந்தால் நம் பிளாண்டில் பாதிப் பேர் மாலை போட்டிருப்பார்கள். தாடி வளரும். தாடிக்கு மேலே முழுமுக மாஸ்க் படியாது, மயிர்க்கால் ஓரமாகக் காற்று ஓடும். சிலிண்டரில் காற்று சீக்கிரம் தீரும். ஒரு சூப்பர்வைசர் மாலை போட்ட ஆளைப் பார்த்து, "சேவ் பண்ணு இல்ல வீட்டுக்குப் போ" என்றார். சொன்னது சரியான விஷயம், சொன்ன விதம் தப்பு. அந்த ஆள் அதற்குப் பிறகு எந்தக் குறையையும் வாய் திறந்து சொல்லவில்லை, அதுதான் பெரிய நஷ்டம். நீ அவனிடம், "சாமி, மலைக்குப் போயிட்டு வாங்க, அதுவரைக்கும் மேல கயிறு பிடிங்க" என்று சொல். தலையோடு மூடும் ஹூட் வகை எஸ்கேப் செட் ஒன்றிரண்டு தொட்டிப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு வாங்கி வை. தாடியோ கண்ணாடியோ அதற்குத் தடையில்லை. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு யாரும் இறங்கக் கூடாது, ஓடி வெளியேற மட்டும்தான்.

9. ஆடிட்டுக்காக வாங்காதே. பையர் ஆடிட்டர் வருகிற அன்று கண்ணாடி அலமாரியில் பளபளவென்று எஸ்சிபிஏ நிற்கும். ஒரு யூனிட்டில் அதைத் திறக்கச் சொன்னேன். சாவி ஹெச்ஆரிடம், ஹெச்ஆர் லீவில். மறுநாள் திறந்தால் முள் 300 இருக்க வேண்டிய இடத்தில் 120இல் கிடக்கிறது. மாஸ்க்கின் ரப்பர் பட்டைகள் வெயிலில் வெந்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. முகக்கண்ணாடியில் கீறல். வால்வு வாயில் சிலந்தி நூல். செக் லிஸ்ட்டில் மாதாமாதம் "ஓகே", ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே உட்காரலில் போட்டது. கருவி இல்லாத யூனிட்டில் ஆள் பயந்தாவது இறங்குவான். செத்த கருவி இருக்கிற யூனிட்டில் தைரியமாக இறங்குவான்.

வாரம் ஒரு நாள் நீயே முள்ளைப் பார். மாட்டி, சிலிண்டரை மூடி, குழாயில் இருக்கும் காற்றை மெதுவாக இழுத்துப் பார். முள் 50 பாரை ஒட்டி இறங்கும்போது விசில் அடிக்கிறதா என்று காதால் கேள். சிலிண்டரின் கழுத்தில் அழுத்தச் சோதனைத் தேதி அடித்திருக்கும், அடுத்த தேதியை உன் டைரியில் எழுது.

10. நிரப்புவது எங்கே என்று வாங்கும் முன்பே கேள். மூச்சுக்காற்று நிரப்புவதற்கென்றே உள்ள கம்ப்ரஸரில்தான் நிரப்ப வேண்டும். வெல்டிங் கடை ஆக்சிஜனை நிரப்பினால் போதும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதே ஆக்சிஜனைக் குழாய் வைத்துத் தொட்டிக்குள் திறந்துவிட்டு "காற்றோட்டம்" என்பவர்களும் உண்டு. ஆக்சிஜன் கூடிய இடத்தில் ஒரு பொறி போதும், உடுத்திய துணியே பற்றும். காற்று வேண்டும் என்றால் ப்ளோயர் வை, அவ்வளவுதான்.

11. இறங்குகிறவன் யார்? பெரும்பாலும் ஒடிசாக்காரன், பீகார்க்காரன், இல்லாவிட்டால் கான்ட்ராக்டர் கூட்டி வந்த ஆள். பெயர்கூட ரெஜிஸ்டரில் சரியாக இருக்காது. தமிழில் எழுதிய போர்டை அவன் என்ன செய்வான்? அவன் மொழி தெரிந்தவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணைக் கட்டிவிட்டு, பாட்டில் வால்வைக் கையால் தேடித் திறக்கச் சொல்லிக் கொடு. இருட்டில் கை தானாகப் போக வேண்டும். கயிற்றை ஒரு முறை இழுத்தால் என்ன, மூன்று முறை இழுத்தால் என்ன என்று பேசி வைத்துக்கொள். ஊரில் தீயணைப்பு நிலையம் இருக்கிறது, எஸ்சிபிஏ மாட்டிப் பழகியவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒரு நாள் வந்து காட்டச் சொல்லிக் கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று. பாதி ஏணியில் மூச்சு சரியில்லை என்று ஒருவன் திரும்பி ஏறி வந்தால் திட்டாதே. "என்னடா, பயமா?" என்று சிரிக்காதே, மற்றவர்களையும் சிரிக்க விடாதே. அவன் கூலியில் அரை நாளைப் பிடிக்கச் சொன்னால் அக்கவுன்ட்ஸில் போய்ச் சண்டை போடு. இந்த வேலையில் நான் மதிப்பது ஏறி வந்தவர்களைத்தான். திரும்பி வந்தவனை ஒரு முறை அவமானப்படுத்திவிட்டால், அடுத்த முறை அவன் வரமாட்டான், அங்கேயே நிற்பான். அப்போது நீ வாங்கி வைத்த எந்த பாட்டிலும் உதவாது.

12. முதலாளியிடம் பேசும்போது சட்டத்தைக் காட்டி மிரட்டாதே, கெஞ்சவும் செய்யாதே. அவர் கெட்டவர் அல்ல; ஆர்டர், யார்ன் விலை, வங்கி வட்டி என்று தலைக்கு மேலே ஓடுகிறது. ஆபத்துக்குப் பாவமில்லை என்பார். அவரைத் தொட்டி ஓரத்துக்குக் கூட்டிப் போ. மாஸ்க்கை அவர் முகத்திலேயே மாட்டி, கேட்டுக்கொண்டு லைன் காற்றை நிறுத்து, இடுப்பு பாட்டிலை அவரையே திறக்கச் சொல். பல பேருக்கு அந்த ஒரு மூச்சுத் திணறலே போதும், கையெழுத்து விழும். விழாவிட்டால் எழுத்தில் கொடு, நகலில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள். அதற்கும் பதில் இல்லையென்றால் பெர்மிட்டில் உன் கையெழுத்தைப் போடாதே. திருப்பூரில் வேறு வேலை கிடைக்கும்.

நாளைக்கு நீ எழுத வேண்டியது இதுதான்: ஸ்கூபா வேண்டாம். மேன்ஹோல் குறுகலான தொட்டிகளுக்கு ஏர்லைனும், நீ அளந்த நேரத்துக்கு இரண்டு மடங்கு வரும், தானாக மாறும் பாட்டிலும். அகலமானவற்றுக்கு எஸ்சிபிஏ. மேலே நிற்பவனுக்கு ஒரு முழு எஸ்சிபிஏ. ட்ரைபாட், ஹார்னஸ், நான்கு வாயுக்களை அளக்கும் மீட்டர் இந்த பில்லிலேயே சேரட்டும். இவை வந்து சேரும் வரை தொட்டி மூடி திறக்கக் கூடாது என்பதைக் கடைசி வரியாக எழுதி, கீழே உன் பெயரைப் போடு.